நாற்பது கிராம் அட்டை

புத்தகத்தார் என்றுதான் ஷெட்டில் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஆளுக்கு அந்தப் பெயரைக் கிண்டலாகத்தான் வைத்தார்கள். பதினாறு வருஷம் விடாமல் கூப்பிட்டால் கிண்டல் தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சிவிடுகிறது.

வீடியோ கேம்களைப் பெட்டியில் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் பேக்கிங் ஷெட் அது. கேமை எப்படி ஆடுவது என்று சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போகும். அதை வைப்பது அவர் வேலை. பெல்ட்டில் பெட்டி திறந்தபடி வரும். டிஸ்க்கை முந்தின ஆள் பொருத்தியிருப்பான். மூடியின் உள்பக்கம் இருக்கும் இரண்டு பல்லுக்கு அடியில் இவர் புத்தகத்தைச் செருகுவார். அடுத்து உட்கார்ந்திருக்கும் மூடிக்காரம்மா பெட்டியை மூடி ஒரு தட்டுத் தட்டுவாள். அங்கிருந்து பெட்டி எடை மிஷின் மேல் ஏறும்.

எடை மிஷின் பெட்டியைத் தன் மேல் ஓடவிட்டுப் பார்க்கும். நூற்று முப்பது கிராம் இருந்தால் பச்சை விளக்கு. குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்திலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டு பெட்டியைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். டிஸ்க் இல்லாத பெட்டியோ புத்தகம் இல்லாத பெட்டியோ அதை ஏமாற்றிவிட்டுக் கடைக்குப் போக முடியாது. அந்த ஷெட்டில் வேலையை ஒழுங்காகச் செய்வது இரண்டே பேர், தானும் அந்த மிஷினும் என்பது புத்தகத்தாரின் கணிப்பு. மிஷின் மேலும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அவர் வாழ்க்கையில் ஒரு கேமும் ஆடியதில்லை. ஆனால் பெல்ட் நிற்கும் நேரங்களில் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. கையில் இருப்பதைப் புரட்டுவார், விரலை வைத்து எழுத்துக்கூட்டுவார். இப்படியே பதினாறு வருஷத்தில் சில நூறு புத்தகங்களை முழுசாகப் படித்து முடித்திருந்தார். படித்ததில் எதன் மேலும் மரியாதை வந்ததாகச் சொல்ல முடியாது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஓர் ஊர் எரிந்துகொண்டிருக்கும். எவனோ கொளுத்தியிருப்பான். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவர ஒருத்தனும் இருக்க மாட்டான், ஆளாளுக்குக் கத்தியைத் தூக்கிக்கொண்டு பழிவாங்கக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் பக்கத்தில் யாராவது ராஜா மகளைக் காணோம் என்பார்கள். மூன்றாம் பக்கத்தில் குதிக்க எந்தப் பொத்தான், குத்த எந்தப் பொத்தான் என்று படம் போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து ஓய்வெடுக்கவும், கண் வலித்தால் வைத்தியரைப் பார்க்கவும் என்று இருக்கும். மொத்தப் புத்தகத்திலும் புத்தியுள்ள பேச்சு அந்தக் கடைசிப் பக்கம்தான் என்று மூடிக்காரம்மாவிடம் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஷெட்டின் சூப்பர்வைசர் அவருடைய மகளின் கணவன். மனைவி இறந்த பிறகு மகள் அழுது அடம்பிடித்து அவரைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிவந்திருந்தாள். கட்டிலைப் போட்ட அன்றைக்கே அவர் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வேலை இருக்கிற வரைக்கும் இங்க இருக்கேன். உன் புருஷன் தயவுல உட்கார்ந்து சாப்பிடுற நிலைமை வந்தா, மறுநாள் காலைல இந்தக் கட்டில் காலியா இருக்கும். அப்புறம் அப்பாவக் காணோம்னு தேடக்கூடாது."

அவள் சிரித்துவிட்டு விட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த மாப்பிள்ளை ஷெட்டுக்குச் சூப்பர்வைசராக வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வேறு கிளையிலிருந்து மாற்றி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் 'மாமா மாமா' என்பான். ஷெட்டில் மாமாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது, 'இங்க பாருங்க' என்று கூப்பிட்டுவிட்டு வேறு எங்கோ பார்ப்பான். புத்தகத்தார் அவனை இரண்டு இடத்திலும் 'மாப்ளே, நீங்க' என்றுதான் பேசினார். அது மரியாதை இல்லை. பக்கத்தில் வராதே என்று கையை நீட்டித் தடுப்பது மாதிரி ஒரு ஏற்பாடு.

வந்த முதல் வாரமே மாப்பிள்ளை ஷெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினான். மிஷின்களின் கையேடுகள் ஒரு தகர அலமாரியில் அடுக்கியிருந்தன. "இதெல்லாம் நெட்லயே இருக்கு" என்று அள்ளிக் குப்பைக் காகிதத்தோடு போடச் சொன்னான். புத்தகத்தாரின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எழுதிக் கொடுத்துக் கேட்டும் யாரும் சரிசெய்யவில்லை. அவர் குப்பைக் குவியலுக்குப் போய், நாற்காலிக் காலுக்குச் சரியான தடிமனில் ஒன்றைப் பார்த்து எடுத்து வந்து முட்டுக் கொடுத்தார். அட்டையில் எடை மிஷினின் படம் போட்டிருந்தது. அன்றிலிருந்து நாற்காலி ஆடவில்லை. நெட்டில் இருக்கும் எதுவும் நாற்காலிக் காலுக்கு அடியில் வந்து நிற்காது என்பதை மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாப்பிள்ளை சாயந்திரங்களில் கேம் ஆடுவான். முப்பத்தாறு வயசு. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவை ஒரு கோட்டைச் சுவரில் மாட்டிக்கொண்டு மூன்று சாயந்திரம் முட்டினான். ஓடிவந்து குதிப்பான், விழுவான். பின்னால் போய் ஓடிவந்து குதிப்பான், விழுவான். புத்தகத்தார் பின்னறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சதுரப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கயிறு வரும், கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், ஒன்பதாம் பக்கம். அந்தப் புத்தகத்தை அந்தப் பெட்டியில் செருகியது அவரே. பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தது, புத்தகம் பல்லுக்கு அடியில் அலுங்காமல் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று சாயந்திரமும் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

கேம் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்தது அதற்குப் பிறகுதான். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற முகம். பெல்ட்டை நிறுத்தி எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். அடுத்த கேமிலிருந்து பெட்டியில் புத்தகம் கிடையாதாம். ஆடுகிறவர்களுக்கு எல்லாம் திரையிலேயே வருமாம். மரம் மிச்சம், மை மிச்சம், உலகத்துக்கே நல்லது என்றார். பெட்டி சின்னதாகுமா என்று மூடிக்காரம்மா கேட்டாள். பெட்டி அதே பெட்டிதானாம். விலை குறையுமா என்று டிஸ்க்காரன் கேட்டான். அவர் அந்தச் சிரிப்பை அவன் பக்கம் திருப்பினார், அதுதான் பதில்.

பிறகு புத்தகத்தாரைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்களே சொல்லுங்க. நீங்க கடைசியா எப்ப ஒரு மேனுவல எடுத்துப் படிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல."

ஷெட்டே சிரித்தது. கம்பெனிக்காரரும் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். புத்தகத்தார் சொன்னது நிஜம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளைதான் எல்லாரையும்விட ஒரு கை அதிகமாகச் சிரித்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான். மாசக் கடைசியோடு பழைய கேம் முடிகிறது. அதோடு அந்த நாற்காலிக்கு வேலையில்லை. இத்தனை வருஷம் உழைத்தாயிற்று, வீட்டிலேயே ஓய்வாக இருங்கள் மாமா, நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்றான். மகளும் தலையாட்டினாள். புத்தகத்தார் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். பின்னறையில் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். பூட்டு துருப்பிடித்திருந்தது, ஆனால் திறந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. சொன்னதைச் செய்யாத கூட்டத்தோடு சேர்வதற்கும் அவருக்கு இஷ்டமில்லை.

மாசக் கடைசி வந்தது. புத்தகமில்லாத முதல் பெட்டி பெல்ட்டில் வந்தபோது, கணக்கு முடிக்கும் நாள் என்பதால் அவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. பெட்டி அவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது. மூடிக்காரம்மா மூடித் தட்டினாள். பெட்டி எடை மிஷின் மேல் ஏறியது. சிவப்பு விளக்கு. இரும்புக் கை நீண்டு பெட்டியைத் தொட்டிக்குள் தள்ளியது.

அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. பத்து நிமிஷத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. பதினாறு வருஷமாகப் புத்தகத்தோடு நூற்று முப்பது கிராம் பார்த்துப் பழகிய மிஷினுக்கு, புத்தகத்தை எடுத்துவிட்டோம், இனிமேல் தொண்ணூறுதான் என்று யாரும் சொல்லவில்லை. உலகத்துக்கே நல்லது செய்யக் கிளம்பியவர்களுக்கு இது ஒன்று மறந்துவிட்டது.

மாப்பிள்ளை ஓடிவந்து மிஷினின் பொத்தான்களை அழுத்தினான். மிஷின் நாலு இலக்க எண்ணைக் கேட்டது. ஒன்று இரண்டு மூன்று நாலு போட்டான். தன் பிறந்த வருஷம் போட்டான். மிஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கீச்சென்றது. நெட்டில் தேடினான். இவ்வளவு பழைய மிஷினை நெட்டுக்கே தெரியவில்லை. கடைசியில் மிஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: அந்த எண் கையேட்டிலேயே இருக்கும், கையேடு தொலைந்துவிட்டால் மிஷினின் பதிவு எண்ணைச் சொல்லுங்கள், வேறு கையேடு அனுப்புகிறோம். பதிவு எண் எங்கே இருக்கும் என்று மாப்பிள்ளை கேட்டான்.

"கையேட்டோட முதல் பக்கத்துல சார்."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். "அந்த அலமாரில இருந்த புத்தகமெல்லாம் எங்க?" என்று கேட்டான். யார் அள்ளிப் போடச் சொன்னது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. புத்தகத்தார் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தார்.

எடை மிஷினை நிறுத்திவிட்டு ஓட்டவும் முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் எடை பார்த்ததற்கு மிஷின் அடிக்கும் ரசீது இல்லாமல் கேம் கம்பெனி சரக்கை எடுக்காது. அன்றைக்கு லாரி காலியாகத் திரும்பியது. மேல் ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன் வந்தது, மூன்று தடவையும் மாப்பிள்ளை நின்றுகொண்டே பேசினான்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு யோசனை உதித்துவிட்டது. முகத்தைப் பார்க்க வேண்டுமே, கேமில் அந்தக் கோட்டைச் சுவரை ஏறிவிட்டவன் மாதிரி இருந்தது. புத்தகம் நாற்பது கிராம். அப்படியானால் நாற்பது கிராமில் ஓர் அட்டையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மிஷின் என்ன செய்யும்? பச்சை விளக்குத்தானே போட வேண்டும்? கம்பெனிக்காரரைக் கேட்டான். எடை சரியாக இருந்து ரசீது வந்தால் போதும், உள்ளே என்ன இருந்தால் என்ன என்று அவர் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் பழுப்பு அட்டை கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. புத்தகத்தார் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, புத்தகத்தை வைத்த அதே இடத்தில் அட்டையை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று புத்தகத்தை நிறுத்தினவர்கள், புத்தகத்தைவிடத் தடிப்பான அட்டையை வண்டி வண்டியாக இறக்கினார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க அந்த ஷெட்டில் அவருக்குச் சரியான துணை இல்லை. மூடிக்காரம்மாவிடம் சொன்னார். அவள், "இருக்கட்டும்ண்ணே, உங்க சீட்டு தப்பிச்சுதே" என்றாள்.

தப்பித்தது உண்மைதான். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி திரும்பவும் உள்ளே போனது. அட்டை தடிப்பாக இருந்ததால் பல்லுக்கு அடியில் லேசில் நுழையவில்லை, கட்டைவிரலால் அமுக்க வேண்டியிருந்தது, ஓரம் விரலைக் கீறியது. மிஷின் பச்சை விளக்கு எரித்தது. பதினாறு வருஷம் ஏமாறாத மிஷின் அட்டைக்கு ஏமாந்துவிட்டது. அதன் மேல் வைத்திருந்த கொஞ்சச் சந்தேகம் சரிதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு நாள் டிஸ்க்காரன் தன் இடத்திலிருந்தே கத்தினான்.

"புத்தகத்தாரே, அந்த அட்டைல என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்க."

"உன்னப் பத்தித்தான்டா. உனக்குத் தெரிஞ்சத முழுசாப் போட்டிருக்கான்."

மூடிக்காரம்மா சிரித்ததில் இரண்டு பெட்டி மூடாமல் போயின. ஆனால் பெல்ட் நிற்கும் நேரங்களில் அவர் கை தானாக ஓர் அட்டையை எடுத்துத் திருப்பும். முன்பக்கமும் ஒன்றுமில்லை, பின்பக்கமும் ஒன்றுமில்லை. எரிகிற ஊர்கூட இல்லை.

எடை மிஷினின் கையேடு தன் நாற்காலிக்கு அடியில் இருப்பதை அவர் மறக்கவில்லை. அதை எடுத்துக் கொடுத்தால் மிஷின் தொண்ணூறுக்கு மாறும், அட்டை போகும், நாற்காலி போகும். கொடுக்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. குப்பை என்று போட்டதைத்தானே எடுத்தார். சூப்பர்வைசர் முட்டாளாக இருக்கும்வரை தன் சாப்பாட்டுக்குப் பங்கம் இல்லை, அவன் முட்டாள்தனம் இன்னும் இருபது வருஷத்துக்குக் காணும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு மேலதிகாரியைத் தன் உட்காரும் இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டியதில் அவருக்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டது.

அந்த மூன்றாவது வாரக் கடைசியில் லீவு நாள். மாப்பிள்ளை புதுக் கேமில் ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். டிவி முன்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கிழித்துப் பெட்டியைத் திறந்தான். அட்டையை உருவி, திரும்பிப் பார்க்காமல் தரையில் எறிந்தான். அது சறுக்கிக்கொண்டு போய்ப் பின்னறை வாசலில் நின்றது.

கேம் ஆரம்பித்தது. அதில் எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திரையில் ஓர் அம்பு வந்து இங்கே போ என்றது. போனான். இந்தப் பொத்தானை அழுத்து என்றது. அழுத்தினான். சபாஷ் என்று எழுத்து வந்தது. கதவு முன்னால் நின்றால் இது கதவு என்றது. திற என்றது. சபாஷ் என்றது. ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று, சுவரில் முட்டவில்லை, விழவில்லை, வாய் மட்டும் திறந்தது திறந்தபடி இருந்தது. ஆளுக்கேற்ற புத்தகத்தைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று புத்தகத்தார் நினைத்தார்.

மகள் துணிக்கூடையோடு வந்தவள் தரையில் கிடந்த அட்டையை எடுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். சமையலறை ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதன் இடுக்கில் அட்டையைச் செருகினாள். ஜன்னல் நின்றது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

"இது எதுக்குப்பா பெட்டிக்குள்ள?"

"எடைக்கு."

"வெறும் எடைக்கா? நாள் பூரா இதையா வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. சமாதானமாக எதையாவது சொல்ல நினைத்துத்தான் அவள் சொன்னாள்.

"அவரும் உங்களுக்காகத்தான்ப்பா பாக்கறார். நீங்கதான் அவருக்கு மூஞ்சி குடுத்தே பேசறதில்ல. ரெண்டாவது வாரமே ஒரு மெக்கானிக் வந்து, மிஷின ஒரு மணி நேரத்துல மாத்தித் தர்றேன்னு நின்னாராம். இவர்தான் வேண்டாம்னு திருப்பி அனுப்பினாராம். மாமாவுக்கு உட்கார ஒரு இடம் வேணுமில்ல, அட்டை இருந்துட்டுப் போகட்டும்னார்."

அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

பின்னறையில் போய் உட்கார்ந்தபோது அவருக்குக் காது இரண்டும் சுட்டது. மூன்று வாரமாகத் தான் அவனை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். அவன் முட்டாள்தனத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் இருக்கவில்லை. அது தன் சாமர்த்தியம். ஆனால் அவன் தெரிந்தே விட்டுக்கொடுத்து, பெஞ்சில் குழந்தையை உட்காரவைத்துக் கையில் ஏதாவது கொடுப்பது மாதிரி அட்டையைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறான். உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று மகளிடம் சொன்னவர், இந்த நாளெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், வீட்டில் இல்லாமல் ஷெட்டில். மாப்பிள்ளைக்கு அறிவில்லை என்பதை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு இரக்கம் இருக்கிறது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் பெல்ட் நின்றது. எல்லாரும் டம்ளரோடு வாசல் பக்கம் போனார்கள். மூடிக்காரம்மா மட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தார் எழுந்து, குனிந்து, நாற்காலியைச் சாய்த்துக் கையேட்டை உருவினார். ஒன்றரை வருஷம் அவரைச் சுமந்ததில் நடுவில் நாற்காலிக் கால் அழுந்திய வட்டம் விழுந்திருந்தது. நாலு பாஷையில் எழுதியிருந்தது. மூன்றாவதாக வந்த பாஷை அவருக்குத் தெரிந்தது.

மிஷின் முன்னால் நின்று விரலை வைத்துப் படித்தார். எடையை மாற்றும் விஷயம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. எண்ணும் அங்கேயே இருந்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி எண்ணைப் போட்டார். மிஷின் கீச்சென்று கத்தாமல் திறந்தது. அட்டை வைக்காத பெட்டி ஒன்றைப் பெல்ட்டில் விட்டார். சிவப்பு. இரும்புக் கை பெட்டியைத் தள்ளியது.

"என்னண்ணே பண்றீங்க? உடைஞ்சுரப் போகுது" என்றாள் மூடிக்காரம்மா.

"ஒடைஞ்சா ஒடையட்டும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாந்தது போதும்" என்றார் அவர். மிஷினிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

திரும்பவும் பக்கத்தின் மேலிருந்து வந்தார். முதலில் பெல்ட்டைக் காலியாக ஓடவிட்டு எடையைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அவசரத்தில் அதைத் தாண்டியிருந்தார். கதையைப் படிக்கிறவன் மாதிரி வரியைத் தாண்டினால் மிஷின் கேட்குமா? தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு முதலிலிருந்து செய்தார். காலி பெல்ட். பூஜ்யம். எண். புத்தகமும் அட்டையும் இல்லாத பத்துப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, தொண்ணூறு என்று மிஷினுக்குப் பழக்கினார். பதினொன்றாவது பெட்டிக்குப் பச்சை எரிந்தது. சரிபார்க்க, டிஸ்க் இல்லாத பெட்டி ஒன்றை விட்டார். சிவப்பு எரிந்து இரும்புக் கை நீண்டது. சரி.

கையேட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனார். மாப்பிள்ளை போனில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை அவன் மேஜை மேல் வைத்தார். அவன் அட்டைப் படத்தைப் பார்த்தான், நிமிர்ந்தான்.

"இது எங்க இருந்துச்சு?"

"எனக்குக் கீழ. மிஷின் மாத்தியாச்சு. அட்டை வேண்டாம்னு சொல்லி அனுப்பிருங்க."

அவன் கண்ணாடிக்கு வெளியே எடை மிஷினைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். ஷெட்டுக்குள் முதல் தடவையாக வாயில் அந்த வார்த்தை வந்தது.

"மாமா, அப்ப உங்க சீட்டு?"

"அத நீங்களே வெச்சுக்குங்க மாப்ளே. ஒரு கால் குட்டை. அட்டைதான் எக்கச்சக்கமா கெடக்குதே, முட்டுக் குடுத்துக்குங்க."

அவன் எழுந்தான். அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் புத்தகத்தார் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

ஷெட்டின் பின்பக்கம் லாரி நின்றது. லோடு ஏற்றும் மேஸ்திரி, ஓர் ஆள் குறைகிறது, ஓர் ஆள் குறைகிறது என்று மாசக்கணக்கில் எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தான். முந்திய வருஷங்களில் ஆள் வராத நாளில் புத்தகத்தார் போய்க் கைகொடுத்ததுண்டு. அறுபதைத் தாண்டிய பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேஸ்திரி முன்னால் நின்றார்.

"ஆளு வேணும்னு சொன்னியே. இன்னும் வேணுமா?"

மேஸ்திரி மேலும் கீழும் பார்த்தான். "பெரியவரே, நாள் பூரா தூக்கணும். முடியுமா?"

"தூக்கிக் காட்டணுமா, உன்ன மாதிரி பேசிக் காட்டணுமா?"

மேஸ்திரி வழிவிட்டு ஒதுங்கினான். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அறையில் மாப்பிள்ளை எழுந்தவன் இன்னும் உட்காராமல் நின்றான். டீ நேரம் முடிந்து பெல்ட் திரும்ப ஓட ஆரம்பித்தது. அட்டையில்லாத புதுப் பெட்டிகளை நூறு நூறாகக் கட்டி, டேப் ஒட்டி, முதல் கட்டு லாரி வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நூறு பெட்டி என்றால் என்ன கனம் என்று அவர் இடுப்புக்குத் தெரியும். காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, பழைய கனத்துக்குத் தயாராகக் கட்டைத் தூக்கினார். அது தூக்கிய வேகத்துக்கு மார்பு வரை எகிறிக்கொண்டு வந்தது. அவர் தடுமாறி ஒரு அடி பின்னால் போனார். மேஸ்திரி பிடிக்கக் கை நீட்டினான். அவர் முழங்கையால் அந்தக் கையைத் தள்ளினார்.

"தூ" என்றார் கட்டைப் பார்த்து. "உள்ள ஒண்ணுமே இல்ல."

லாரியில் ஏற்றி வைத்துவிட்டு அடுத்த கட்டுக்குத் திரும்பினார்.